பிள்ளைகளோடு பாசிக்குடாவுக்கு

ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெருந்தண்ணீர் அக்கராயன் குளம்தான். விடுமுறையில் அவர்களைக் கடலுக்கு அழைத்துப் போக நினைக்கும் தாய்மார்களே, முதலில் மாதத்தைப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரிமழை; கிழக்குக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம்.

முல்லைத்தீவு கிட்டத்தான், ஆனால் அது திறந்த கடல். வவுனியா, ஹபரணை, வாழைச்சேனை வழியாகப் பாசிக்குடா போனால், அங்கே முருகைக்கற்பார் அலையைத் தடுக்கிறது, வெகுதூரம் ஆழமில்லை.

அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் என் இளைய மகன் சறுக்கி மூழ்கினான். நான் அஸருக்கு வுழூச் செய்யத் திரும்பியிருந்தேன். உம்மா பார்ப்பாள் என்று நான். வாப்பா பார்ப்பார் என்று அவள். பக்கத்தில் நின்ற ஒருவர் தூக்கிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்!

ஆகவே சகோதரிகளே, புறப்படுமுன்பே இன்ன பிள்ளை இன்னாருடைய பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.