நடு நட்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன் சஸ்பென்ஷனில், ஸ்பிரிங்கின் தலைமாட்டில் நான்கு நட்டுகள் தெரியும். ஓரத்தில் மூன்று, நடுவில் ஒன்று. ஓரத்து மூன்றும் ஸ்பிரிங்கையும் அதனுள்ளே நிற்கும் ஷாக் அப்சார்பரையும் ஒரே உருப்படியாகச் சேஸியோடு இறுக்கி வைத்திருப்பவை. அவற்றைக் கழற்றி, கீழே ஒரு போல்ட்டையும் உருவிவிட்டால் மொத்தமும் கையோடு வந்துவிடும். நடுவில் இருப்பது வேறு ரகம். அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் துள்ளிப் பாயாமல் தடுத்து நிற்பதே அதுதான். ஆனால் ஸ்பானரோடு குனிகிறவனுக்கு நான்கும் நட்டுதான்.

என் மச்சானின் ஹெரால்டைப் பிரித்துக் கட்ட வந்த மெக்கானிக் பாய், அவருடைய ஆர்வத்தைப் பார்த்துப் பயந்துபோய், முதலிலேயே பாகப்பிரிவினை செய்துவிட்டார்: "ஓரத்துல இருக்கற மூணும் உங்களுது சார். நடுவுல இருக்கறது என்னுது. தொட்றாதீங்க."

ஹெரால்டு பழகுவதற்கு ரொம்ப நல்ல கார். 1959இல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் இங்கேயே தயாரானது. மற்றவர்கள் சேஸியே இல்லாத ஒற்றைக் கூடாக கார் செய்யத் தொடங்கிவிட்ட காலத்தில், இது மட்டும் பழையபடி சேஸி போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் வைத்து முடுக்கியது. காரணம் கொள்கை அல்ல. பாடி செய்துகொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் 1953இல் வாங்கிவிட்டார்கள். முழுக் கூடு அடித்துத் தர ஆள் இல்லை. இந்த இக்கட்டின் பலனை அறுபது வருஷம் கழித்து நாம் அனுபவிக்கிறோம். பானெட் மட்டும் திறக்காது; இரண்டு மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே சாய்ந்துவிடும். எஞ்சினும் சஸ்பென்ஷனும் வெட்டவெளியில் நிற்கும். டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். என் சந்தேகம் என்னவென்றால், இந்த வசதியால்தான் ஆபத்து. கைக்கு எட்டாத இடத்தில் யாரும் விபரீதமாக எதையும் கழற்றுவதில்லை.

பாயின் ஒழுங்குமுறை பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், அதையும் அவர் நம்பமாட்டார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் சேஸிக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, ஜாக்கியை இறக்கி, பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு பம்பரைப் பிடித்து வண்டியை நன்றாக ஆட்டிப் பார்ப்பார். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும் என்று. கழற்றிய சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போடுவார். மச்சான் வீட்டு மாடி கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கைத் தூக்கி வந்தபோது பாய் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சுவருக்கு உதவும் அந்தக் கல், ஒரே இடத்தில் பாரம் குத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்துவிடும்.

அந்தக் கட்டைகளைப் பார்க்கும்போது எனக்குத் திருவாரூர் நினைவுக்கு வரும். ஆழித்தேருக்கு இப்போது இரும்புச் சக்கரம், திருச்சி பெல் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் இருக்கின்றன. இருந்தும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட ஆள் வேண்டும். வடம் பிடிக்க ஊரே வரும். வடம் பிடித்தவர்களின் படம் மறுநாள் பேப்பரில் வரும். கட்டை போடுகிறவர் அந்தப் படத்தில் இருக்கமாட்டார், அல்லது முதுகு மட்டும் தெரியும். நகர்த்துவதில் இருக்கும் பெருமையை நிறுத்துவதற்கு நாம் கொடுத்ததில்லை.

ஸ்பிரிங்குக்கு வருவோம். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. ஒரு முன் சக்கரத்தின் பங்கு சுமார் 200 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் உள்தள்ளி நிற்பதால் அது சுமப்பது இன்னும் அதிகம். வண்டியைத் தூக்கி, உருப்படியைத் தனியே எடுத்து மேஜைமேல் வைத்த பிறகும் அது ஓய்ந்துவிடுவதில்லை. ஷாக் அப்சார்பரும் நடு நட்டும் சேர்ந்து அதை முழுதாக விரியவிடாமல் வைத்திருக்கின்றன. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கம்ப்ரஸர் கொக்கிகளை மாட்டி, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று சமமாக அமுக்கி, மேல்தட்டு தளர்ந்து தன்பாட்டில் சுழலுகிறது என்று ஆன பிறகுதான் நடு நட்டில் ஸ்பானர். முகம் ஸ்பிரிங்கின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. கம்பியால் கட்டிவிட்டுக் கழற்றுகிற சூரர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த விகிதத்தில் எதிர்விசை என்ற பள்ளிக்கூட விதிக்குச் சொந்தக்காரர் ராபர்ட் ஹூக். அவர் அதை வெளியிட்ட விதம்தான் எனக்கு அலாதி. 1676இல் சூரியனைப் பார்க்கும் கருவிகள் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். அதன் கடைசியில், சம்பந்தமே இல்லாமல், தன் கண்டுபிடிப்புகள் என்று சிலவற்றை அடுக்கினார். ஸ்பிரிங் விதியும் அதில் ஒன்று. ஆனால் விதியைச் சொல்லவில்லை. லத்தீனில் எழுதி, அதன் 14 எழுத்துகளையும் கலைத்து, அகர வரிசையில் நிறுத்திவிட்டார். மூன்று ஐ, மூன்று எஸ், இரண்டு டி என்று வரிசையாக நிற்கும். முடிந்தவன் படித்துக்கொள்ளட்டும். இரண்டு வருஷம் கழித்து, 1678இல், ஸ்பிரிங்குக்கென்றே எழுதிய நூலில் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டினார். கூடவே, இதை 18 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டதாகவும் எழுதிக்கொண்டார்.

கலிலியோவும் இப்படி எழுத்தைக் கலைத்து விளையாடியவர்தான். ஆனால் ஹூக்கின் ரகசியத்துக்குப் பின்னால் வயிற்றெரிச்சல் இருந்தது. ஸ்பிரிங் வைத்த கடிகாரத்தில் காசு பார்க்க நினைத்துக்கொண்டிருந்தார். 1675இல் டச்சுக்காரர் ஹைகன்ஸ் தன் ஸ்பிரிங் கடிகாரத்தை அறிவித்துவிட்டார். சொன்னால் திருடிவிடுவார்கள், சொல்லாவிட்டால் இன்னொருவன் முந்திவிடுவான். சொல்லியும் சொல்லாமலும் இருக்க 14 எழுத்துகள் போதுமாக இருந்தன. நியூட்டனோடும் சண்டை போட்டார். இன்றைக்கு இவர்தான் ஹூக் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள ஒரு படம்கூட இல்லை. விதி மட்டும் இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் ஒரு கணக்கை ஸ்பிரிங் கழற்றுகிறவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ளலாம்: அமுக்கம் இரண்டு மடங்கானால், உள்ளே சேரும் ஆற்றல் நான்கு மடங்கு.

மச்சானின் கார் கையேட்டில் இதெல்லாம் இல்லை. இந்த வகைப் புத்தகங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கழற்றுவதை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, மாட்டுவது இதற்கு நேர் தலைகீழ் என்று ஒரு வரியில் கைகழுவிவிடும். தலைகீழே அல்ல. சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்களை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது அந்த போல்ட்டுகளை எப்படி வேண்டுமானாலும் கழற்றலாம். முடுக்குவதை மட்டும், வண்டி தன் சக்கரத்தில் இறங்கி, பாரம் விழுந்து, சொந்த உயரத்துக்கு வந்த பிறகுதான் செய்ய வேண்டும். தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். தலைகீழ் என்ற சொல்லை நம்பிக் கிழிந்த புஷ்களைப் புதுப்பேட்டையில் மூட்டையாகவே வாங்கலாம்.

இவ்வளவிலும் தீராத வழக்கு ஒன்று உண்டு. முன்சக்கரம் திரும்புவதற்குக் கீழே ட்ரன்னியன் என்று ஒரு சமாசாரம். எஃகுத் தண்டின் மரை அதற்குள் சுழல வேண்டும். ஒரு பக்கத்து மரை வலம், மறுபக்கம் இடம். இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விடவேண்டும் என்பது கார் செய்தவர்களின் கட்டளை. கிரீஸ் அடித்தால் அது மரையின் ஆழம்வரை போகாமல் காய்ந்து, தண்ணீர் இறங்கி, துரு அரித்து, ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். லோட்டஸ் எலான் காரிலும் இதே தண்டைத்தான் போட்டார்கள் என்று மச்சான் ஆதாரம் காட்டினார். நடு நட்டு விஷயத்தில் எமனாக நிற்கும் பாய், இதில் மட்டும் கிரீஸ் கன்னைக் கீழே வைக்க மறுக்கிறார்.

"லோட்டஸ் வண்டி வேளச்சேரி மழையில ஓடுதா சார்?"

ஆயில் கசிகிறது என்பது அவர் கட்சி. கசியத்தான் செய்யும், அதனால்தான் அடிக்கடி விடச் சொல்கிறார்கள் என்பது மச்சான் கட்சி. நான் மச்சான் கட்சி. பாய் கிளம்பிப் போன பிறகு மச்சான் ஆயில் விடுகிறார். பாய் வந்ததும் தரையில் கறையைக் காட்டித் தலையை ஆட்டுகிறார். அக்கா இருவரையும் திட்டிவிட்டுப் பழைய பேப்பர் கொண்டுவந்து விரிக்கிறாள்.