செக்ரோல், சீட்டு, நெஸ்டமோல்ட் டின்

"தோட்டத்து ஆளுங்களுக்குச் சேமிக்கிற பழக்கம் இல்லை" என்று சொல்றவங்க மேல எனக்கு ஒரு கோபம் உண்டு. கெம்பஸில் நடந்த ஒரு பட்டறையிலும் இதையேதான் சொன்னாங்க. வந்த வளவாளர் வரவு, செலவு, சேமிப்பு என்று மூன்று வட்டம் போட்டுக் காட்டினார். வட்டமெல்லாம் அழகாத்தான் இருந்தது. ஆனா இரத்தினபுரிப் பக்கம் ஒரு லயத்து வீட்டுக்குள்ள காசு எந்த வழியா வந்து எங்கெங்க தங்கிப் போகுது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

முதலில் செக்ரோல். எங்க அம்மாயிக்கு 'செக்' என்றால் வங்கிக் காசோலை இல்லை, செக்ரோல்தான். கொழுந்து நிறை சரியா இருந்தா முழுப்பேர், குறைஞ்சா அரைப்பேர். 2024 செப்டம்பரில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கினாங்க இல்லையா, அந்தக் கணக்கையே எடுங்க. தொழிலாளியிடம் 8 வீதம் பிடிக்கிறது 108 ரூபாய். தோட்டம் போடுற 12 வீதம் 162 ரூபாய். ஆக ஒரு முழுப்பேருக்கு 270 ரூபாய் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகுது. நம்பிக்கை நிதியின் 3 வீதம் வேற. சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற காரியம். டவுனில் கடை வைத்திருக்கிறவங்க எத்தனை பேர் அன்றாட உழைப்பில் இவ்வளவை ஒதுக்கி வைக்கிறாங்க?

"அது கட்டாயமாப் பிடிக்கிறது, சேமிப்பு ஆகுமா" என்று கேட்கலாம். சரி. ஆனா அந்தக் காசை எடுக்கிற நேரம் வரும்போதுதான் உண்மையான கூத்து. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியாய், பிறப்புப் பத்திரத்தில் மாரியம்மா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க கிராம சேவகர், சமாதான நீதவான், தோட்டத்து ஒபீஸ் என்று அலையணும். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கைக்கு சந்தேகமே இல்லை, எழுத்தில்தான் ஆள் மூன்றாகிப் போறா.

அடுத்தது வங்கி. எங்க வீட்டுக்குள்ள வந்த முதல் காசோலை எனக்குப் பரிசாகக் கிடைத்தது. ஒரு கட்டுரைப் போட்டி, மூவாயிரம் ரூபாய். அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "மூலையில ரெண்டு கோடு போட்டிருக்கே, வேணாம்னு அடிச்சிட்டாங்களா?" கோடு கீறிய காசோலையைக் கையில் காசாக்க முடியாது, கணக்கில்தான் போடணும் என்பது எங்க லயத்தில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கணக்கு திறக்க ஒரு நாள் போனோம். ஏதோ ஒரு கடுதாசி குறையுது என்று இன்னொரு நாள் போனோம். படிவத்தில் சிங்களமும் இங்கிலீஷும் இருந்தது. 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கேன். அந்தக் கவுண்டருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாங்க. கவுண்டரில் இருந்தவர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை அம்மாவுக்குப் போதுமா இருந்தது.

ஆனா வங்கிக்குப் போகாததுக்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. கணக்குப் பண்ணிப் பாருங்க. வங்கி திறக்கிற நேரமும் மலையில் நிற்கிற நேரமும் ஒன்று. இரண்டாயிரம் ரூபாயைப் போடப் போனா ஒரு பேர் போகும், அதாவது அந்த 2024 கணக்கில் 1,350. பஸ்காசு வேற. அந்தக் காசுக்கு வட்டி வந்து இந்த நட்டத்தை அடைக்க எத்தனை வருஷம் ஆகும்? இதைத்தான் அந்த மூன்று வட்டத்தில் காணவில்லை.

சீட்டு பிடிக்கிற அக்கா நாலாவது காம்பராவில் இருக்காங்க. இரவு ஏழு மணிக்கும் திறந்திருக்கும். படிவம் இல்லை. பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டாயிரம், மாசம் 24,000. குலுக்கிப் போட்டு யாருக்கு எந்த மாசம் என்று முடிவு பண்ணுவாங்க. அவசரம் என்றால் சொல்லி மாத்திக்கலாம். எங்க அம்மா ஒரு தவணைகூடத் தவறினதில்லை. தவறினா பீலிக்கரையில் எப்படி முகம் கொடுக்கிறது?

சீட்டைப் பெருமையா மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. 2022 இல் அம்மாவுக்கு விழுந்தது நவம்பர் மாசம். ஜனவரியில் எடுத்தவங்க கூரைக்குத் தகரம் வாங்கினாங்க. மார்ச்சுக்குப் பிறகு ரூபாய் விழுந்தது, டொலர் 200 இலிருந்து 360 வரை போனது, செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. நவம்பரில் அம்மா கைக்கு வந்ததும் அதே 24,000தான். தகரம் வாங்கப் போய், பாதித் தகரத்தோட வந்தாங்க. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாரும் ஒழுங்காக் கட்டினாங்க. அப்படியும் முதல் மாசக்காரிக்கு இலாபம், கடைசி மாசக்காரிக்கு நட்டம். வங்கியில் போட்டிருந்தாலும் அந்த வருஷம் எந்த வட்டியும் அந்த விலையைப் பிடித்திருக்காது என்பது வேற கதை.

அம்மாயிக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ, அவங்க நம்பினது தோட்டை மட்டும்தான். தீபாவளிக்கு முற்பணம் எடுத்து வாங்கின தோடு, ஸ்கூல் தொடங்குற மாசம் அடகுக்குப் போகும், பிறகு மீண்டு வரும். வங்கிக்குள்ள அம்மாயி பயப்படாம நடந்து போறது அடகுக் கவுண்டருக்கு மட்டும்தான். அங்க அவங்க கேட்டு நிற்கிறவங்க இல்லை, பொருள் கொண்டு வந்தவங்க.

சில்லறை நெஸ்டமோல்ட் டின்னுக்குள்ள. பஸ்ஸில் கொண்டக்டர் "மாறு சல்லி நே" என்று சொல்லி மீதியைத் தராமலே விடுவார், கடையில் மீதிக்கு டொபி தருவாங்க, அதையெல்லாம் தாண்டி வீடு வந்து சேர்ற ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குத்திகள்தான் அதுக்குள்ள விழும். ஒரு தரம் அந்த டின்னைக் கட்டி வங்கிக்குக் கொண்டு போனோம். எண்ண ஆள் இல்லை, வேற நாளைக்கு வாங்க என்றாங்க. திருப்பிக் கொண்டு வந்து கடைக்காரருக்குக் கொடுத்து நோட்டாக்கினோம். அவர் சந்தோஷமா வாங்கினார், அவருக்கு டொபிச் செலவு மிச்சம்.

இப்ப என் மகாபொல காசு கணக்குக்கே வருது. கார்டைப் போட்டால் மெஷின் தமிழில் பேசுது, யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. இதை அம்மாவுக்குக் காட்டினேன். கவனமாப் பார்த்தாங்க. ரசீதை மடிச்சு வைத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் வீட்டுக்குப் போனப்பத்தான் தெரியும், சீட்டில் என் பேரையும் போட்டுட்டாங்க. எனக்கு விழுந்திருக்கிறது ஒன்பதாவது மாசம்.