பாலம் மூடியிருந்த நாள்களில்

நோயுற்றோரை மாதந்தோறும் இல்லம் சென்று சந்திக்கும் பங்குப் பெண்கள் நாங்கள். திருவரங்கத்தில் மகனோடு வாழும் மூதாட்டி ஒருவரின் வீட்டிற்கு ஆறு ஆண்டுகளாகச் சென்று வந்தோம். "உடம்பு எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்போம். "முழங்கால் வலிதான்" என்பார். காப்பி அருந்தி, மன்றாடி, விடைபெறுவோம்.

1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம், செப்பனிடும் பணிக்காக 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூடப்பட்டது. பேருந்துகள் சுற்றுவழியில் சென்றதால் எங்கள் சந்திப்பும் நின்றது. 2023 மார்ச்சில் பாலம் திறந்தபின் சென்றோம். அப்போதுதான் செய்தி அறிந்தோம்.

முழங்கால் வலிக்காக, நடுவண் அரசின் இ-சஞ்சீவனி வழியே மருத்துவரைக் காண மகன் தம் கைப்பேசியில் ஏற்பாடு செய்திருக்கிறார். வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றி மருத்துவரிடம் பேசும் இவ்வசதி 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. திரையில் தோன்றியவர் ஒரு பெண் மருத்துவர். மூதாட்டி மகனைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, பதினோர் ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்த அடியிறக்கத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டார்.

"எங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லையே, அம்மா?" என்றோம்.

"நாளைக்கும் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே!" என்றார்.

அம்மருத்துவர் திரையிலேயே மருந்து சொல்லி முடித்துவிடவில்லை. நேரில் பரிசோதித்தாலன்றி எதுவும் கூற இயலாது என்று உறுதியாக உரைத்திருக்கிறார். பேருந்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு, புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார் மூதாட்டி. கருப்பையைத் தாங்கும் வளையம் பொருத்தினார்கள். இப்போது தயக்கமின்றி எழுந்து நடக்கிறார்.

இணையத்தில் எல்லாக் குரலும் இவ்வாறு பேசுவதில்லை. 2018 சூலையில் திருப்பூரில், காணொளிகளை நம்பி வீட்டிலேயே மகப்பேறு நடத்த முனைந்ததில் ஓர் இளந்தாய் உயிரிழந்தார். 'மருத்துவமனைக்குப் போகவேண்டாம்' என்று கூறும் காணொளிக்கும், 'நேரில் வாருங்கள்' என்று அழைக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் வீட்டுப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடமை.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கிறோம். அக்கைப்பேசி அவருடையதன்று. மகன் அருகிலேயே இருந்திருந்தால் அன்றும் முழங்கால் வலியைத்தான் சொல்லியிருப்பார். பெண் தன் உடலைப் பற்றிப் பேச, கருவியைவிடத் தனிமை தேவைப்படுகிறது. ஆறு ஆண்டுகள் அருகில் அமர்ந்தும் அத்தனிமையை நாங்கள் அவருக்குத் தரவில்லை. எல்லாரும் சூழ்ந்திருக்கையில் கேட்டோம், சொன்னதோடு நிறைவடைந்தோம்.

இப்போது ஒருவர் வீட்டாரோடு முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, மற்றொருவர் நோயுற்றவரோடு அடுக்களையில் அமர்கிறோம். எதையும் வற்புறுத்திக் கேட்பதில்லை. சென்ற மாதம் ஒரு வீட்டில், காப்பி ஆறிப்போகும்வரை ஒரு தாய் பேசிக்கொண்டே இருந்தார்.