கல்வீட்டுத் தெருவில் வம்சம் தேடி

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், மூலம் தேடும் ஆசை மனிதனை விட்டதா? அமெரிக்காவில் அந்த ஆசைக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. முப்பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து வந்தான் என்று தேடுகிறவர்கள் கையில் பெயர்ப் பட்டியலோடு அங்கே வந்து நிற்கிறார்கள்.

நியூயார்க் நகரிலிருந்து வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் நியூ பால்ட்ஸ் என்ற சிற்றூர் வரும். மேற்கே மலைத்தொடர். ஊரை ஒட்டி வால்கில் ஆறு, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. ஆற்றங்கரையில் வண்டல் படிந்த வயல்கள். அதற்கு மேல் மேட்டு நிலத்தில் ஹியூகனாட் தெரு. தடித்த கற்சுவரும் செங்குத்தான கூரையுமாகப் பழைய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சில 1700-களின் தொடக்கத்தில் கட்டியவை.

யார் இந்த ஹியூகனாட்டுகள்? பிரான்சு நாட்டில் கத்தோலிக்க மதத்தை விட்டுக் கால்வின் என்பவரின் சீர்திருத்த நெறியைத் தழுவியவர்கள். 1572-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலும் பிற ஊர்களிலும் அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள். 1598-இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்த் அரசாணையின் மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். அவருடைய பேரன் பதினான்காம் லூயி 1685-இல் அந்த ஆணையை ரத்துச் செய்தார். ஆலயங்கள் இடிபட்டன. போதகர்கள் இரண்டே வாரத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டும். மற்றவர்களோ நாட்டை விட்டுப் போகவே கூடாது! தப்ப முயன்று பிடிபட்ட ஆண்களைக் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் கைதிகளாக்கினார்கள்; பெண்களைச் சிறையில் அடைத்தார்கள். அப்படியும் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள்.

நியூ பால்ட்ஸ் குடும்பங்கள் அந்தப் பெரும் புயலுக்கு முன்பே கிளம்பியவை. அவர்களின் தலைவர் லூயி டுபுவா, லில் நகரின் அருகே பிறந்தவர். இன்று அது வட பிரான்சு. அன்று ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்த பூமி. அங்கிருந்து ஜெர்மனியின் மான்ஹைம் நகருக்கு ஓடி, 1655-இல் அங்கேயே திருமணம் செய்துகொண்டார். சில ஆண்டுகளில் கடல் தாண்டி, அன்று டச்சுக்காரர்கள் வசமிருந்த ஹட்சன் ஆற்றுப் பகுதியை அடைந்தார்.

1677-இல் லூயியும் அவர் கூட்டாளிகளுமாகப் பன்னிரண்டு பேர், எசோபஸ் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து ஏறத்தாழ 40,000 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். ஏக்கர் கணக்கு தெரிந்த தோட்டத்து மக்களுக்கு அதன் பரப்பை விளக்க வேண்டியதில்லை. விலையாகக் கொடுத்தவையோ கெண்டி, கோடாரி, கம்பளி, வெடிமருந்து, குதிரை போன்ற பொருள்கள்! ஆங்கிலேய ஆளுநரும் அதே ஆண்டு பட்டா வழங்கினார். மறு ஆண்டு குடியேறினார்கள். தங்களுக்கு அடைக்கலம் தந்த ஜெர்மானியப் பகுதியான பால்ஸின் பெயரையே புது ஊருக்கும் வைத்தார்கள். செய்ந்நன்றி மறவாதவர்கள்!

வம்சம் தேடுகிறவர்கள் இந்தப் பாதையைத் தலைகீழாக நடக்கிறார்கள். முதலில் 1683-இல் தொடங்கிய நியூ பால்ட்ஸ் ஆலயத்தின் ஏடு. பிறகு அருகிலுள்ள கிங்ஸ்டன் ஊரின் டச்சு ஆலய ஏடு. அதற்கும் பின்னே மான்ஹைம் திருமணப் பதிவு. கடைசியில் லில் பக்கத்துக் கிராமம். ஊர் ஏடுகளின் மொழியும் முதலில் பிரஞ்சு, பிறகு டச்சு, பிறகு ஆங்கிலம் என மாறியது. மொழி மாற மாறப் பெயரும் உருமாறியது. பிரஞ்சில் சகோதரன் என்று பொருள்படும் 'பிரேர்', 'பிரியர்' ஆனது. டுபுவா என்பது ஊரார் வாயில் டுபாய்ஸ் ஆனது. ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் தடம் தவறிவிடும்.

ஆனாலும் இவர்கள் தேடுவதற்கு ஏடாவது இருக்கிறது. இதே வீடுகளில் வாழ்ந்த வேறு சிலரின் வம்சத்தார் எங்கே போய்த் தேடுவார்கள்?

கல்வீட்டின் படி இறங்கி நிலவறைக்குப் போனால் அங்கே அடுக்களை இருக்கிறது. அங்கே வேலை செய்து, அங்கேயே முடங்கிப் படுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். தம் சமயத்துக்காக நாடு விட்டு நாடு ஓடிய லூயி டுபுவா, 1674-இல் கிங்ஸ்டன் ஏலத்தில் இரண்டு ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார். நியூ பால்ட்ஸ் எழுவதற்கு முன்பே நடந்தது இது. விடுதலை தேடி வந்தவர் கையிலேயே விலங்கு!

மாடியில் பிறந்த குழந்தைக்குத் தந்தை பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் ஏட்டில் ஏறின. நிலவறையில் பிறந்த குழந்தை உடைமைக் கணக்கில் ஏறியது. 1799-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை ஆணானால் 28 வயதிலும் பெண்ணானால் 25 வயதிலும் விடுதலை பெறும் என்றது. அதற்காகப் பிறப்பைப் பதிய வேண்டிய கடமை எசமானருடையது. அப்படி எழுதிய நியூ பால்ட்ஸ் பதிவேடு இன்றும் இருக்கிறது. எசமானின் பெயரை அதில் முழுதாகக் காணலாம். குழந்தைக்கோ பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். 1827-இல் நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது.

இந்த இரண்டு வம்சமும் ஒரே மனிதரில் கலந்த கதையும் உண்டு. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் (1868–1963) தம் வம்சத்தை 1940-இல் வெளிவந்த நூலில் எழுதினார். லூயி டுபுவாவின் சகோதரர் ஜாக் வழியில் வந்த ஜேம்ஸ் என்ற வெள்ளையர், பஹாமாஸ் தீவில் கறுப்பினப் பெண் மூலம் பெற்ற மகனே தம் பாட்டனார் அலெக்சாந்தர் என்றார். ஜேம்ஸ் மகனை அமெரிக்காவுக்கு அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தார். அவர் இறந்த பிறகு வெள்ளைச் சொந்தங்கள் பிள்ளையைக் கைவிட்டுவிட்டன. ஆனால் டுபுவா என்ற பெயர் மட்டும் விட்டுப் போகவில்லை. அதை உலகறியச் செய்தவர் அந்தப் பிள்ளையின் பேரன்தான்!

ஹியூகனாட் தெருவைப் பராமரிக்கும் அமைப்பினர் இப்போது நிலவறையையும் திறந்து காட்டுகிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களையும் தேடித் தொகுக்கிறார்கள். மாடியை மட்டும் பார்த்துத் திரும்பினால் வீட்டில் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம்.

எழுதி வைத்தவனின் வம்சம் எளிதில் துலங்குகிறது. எழுதப்படாதவனின் வம்சம் இருளில் கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளை தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அதுவே முதல் ஏடு.