பாளையங்கோட்டையில் பொட்டி... சென்னையில் டாக்டர்!

அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'பொட்டி'. டி.வி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. உள்ளே ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். கடைக்காரர்கள் 'நாஸ்' என்பார்கள். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் அதைத் திறக்கலாம். வெளியூரிலிருந்தும் திறக்கலாம் என்பதுதான் அதை வாங்கியதற்கே காரணம்.

வாங்கி வைத்தவன் மகன், கப்பலில் இன்ஜினீயர். கல்யாண போட்டோக்கள், வீட்டுப் பத்திரம், ஆச்சியின் பென்ஷன் புத்தகம், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றி, "இனிமே பேப்பரைத் தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனான். சில வருடங்கள் எந்தப் பிரச்னையும் இல்லை. தேவைப்பட்ட ஒரு ராத்திரி, பொட்டி பேசவில்லை.

அம்மாவுக்குத் தீராத இருமல். மகள் சென்னைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தாள். வலது நுரையீரலில் 6 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னால நெஞ்சுல சி.டி ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" எடுத்திருந்தார்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், பாதி ஊரே எடுத்ததைப் போல. "அந்தப் படங்கள் வேணும். புள்ளி அப்பவே இருந்து, வளராம இருந்தா ஒரு மாதிரி. அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா வேற மாதிரி. ஊசி வச்சு சதை எடுத்துப் பார்க்கணுமானு அப்புறம் முடிவு பண்ணலாம். நாளைக்கு 11 மணிக்கு வாங்க."

பழைய ரிப்போர்ட் பேப்பர் கையில் இருந்தது. அதில் கொரோனா பாதிப்பு எத்தனை சதவிகிதம் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. படங்கள் இருந்த குறுந்தகடு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. (ஸ்கேனும் சி.டி, தகடும் சி.டி என்பதால் அன்றைக்கு போனில் பாதி நேரம் குழப்பத்திலேயே போனது.) ஸ்கேன் சென்டரையும் மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பொட்டியில் ஏற்றிய நகல் மட்டும்தான்.

இரவு 9 மணி. மகள் லாட்ஜ் அறையில் லேப்டாப்பைத் திறந்து, தம்பி எழுதிக் கொடுத்திருந்த முகவரியை அடித்தாள். சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'இணைக்க முடியவில்லை'. தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். கப்பல் நடுக்கடலில்.

வீட்டில் அப்பாவும் 90 வயது ஆச்சியும் மட்டும். "ஏட்டி, நான் பொட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறிடட்டுமா?" என்றார் அப்பா. ஆச்சியை யார் பார்ப்பது? மகள் வேண்டாம் என்றாள். அந்த ஃபோல்டரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்தான். ஆனால், எந்த ஃபோல்டர்? தம்பி வைத்திருந்த பெயர்கள் 'அம்மா', 'அம்மா 2', 'புது ஃபோல்டர் 3'. உள்ளே நூற்றுக்கணக்கான ஃபைல்கள், எல்லாமே எண்கள். போனில் தட்டினால் ஒன்றும் திறக்காது. ஸ்கேன் படத்துக்கென்று தனி மென்பொருள் வேண்டும், அது இருந்தது மகளின் லேப்டாப்பில்.

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால், பழுது தேடுவதுதான் அவர் வாழ்நாள் வேலை. "கரன்ட் இல்லைன்னு போன் வந்தா, எங்க இல்லைன்னு தேடக் கூடாதும்மா. எது வரைக்கும் இருக்குன்னு பாக்கணும்."

பார்த்தார். பொட்டியில் விளக்கு பச்சை. வீட்டு வைஃபையில் தன் போனிலிருந்து திறந்தார், திறந்தது. அடுத்து அவராகவே ஒன்று செய்தார். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே பொட்டியை வெளி முகவரி வழியாகத் திறந்தார். திறக்கவில்லை. "பொட்டி நல்லாத்தான் இருக்கு. அடி வாங்குறது பொட்டிக்கும் தெருவுக்கும் நடுவுல." வீட்டுக்குள் உட்கார்ந்து சோதித்துவிட்டு 'எனக்கு நல்லா வருதே' என்று சொல்பவர்கள்தான் அதிகம். அவர் அதைச் சொல்லவில்லை.

நடுவில் என்ன மாறியிருந்தது? மூன்று மாதத்துக்கு முன்பு கேபிள் நெட்டை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டிருந்தார்கள். மோடம் புதுசு. வெளியிலிருந்து இந்த போர்ட் எண்ணைக் கேட்டு வருபவரைப் பொட்டிக்கு அனுப்பு என்று தம்பி எழுதி வைத்திருந்த விதி பழைய மோடத்துக்குள் இருந்தது. 'போர்ட் ஃபார்வேர்டிங்' என்பார்கள். கேபிள்காரர் மோடத்தைக் கழற்றியபோது விதியும் அதோடு போய்விட்டது. அது போதாதென்று, பழைய மோடம் வீட்டுக்குள் கொடுத்த எண்கள் 192.168.0 என்று தொடங்கின. புதியது 192.168.1 என்று கொடுத்தது. பொட்டியின் கதவு எண்ணே மாறியிருந்தது.

புது மோடத்தின் பாஸ்வேர்டு அதன் அடியில் ஒட்டியிருந்தது. அப்பா டார்ச் அடித்துத் தரையில் படுத்துப் படித்தார். "சின்ன எல்-லா, ஒண்ணா?" என்பதற்கே பத்து நிமிடம். பொட்டிக்கு நிலையான எண் கொடுத்தார்கள், விதியை மறுபடி எழுதினார்கள். மணி 11. மகள் முயன்றாள். இணைக்க முடியவில்லை.

கஸ்டமர் கேரை அழைத்தார்கள். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னார்கள். தனி ஐ.பி எண் வேண்டுமென்றால் மாதக் கட்டணம் உண்டு, நான்கு வேலை நாள்கள் ஆகும் என்றார்கள்.

அப்போதுதான் மகள் செய்ய வேண்டியதைச் செய்தாள். முதலிலேயே செய்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். "எப்பா, மோடம் பக்கத்துல 'வான் ஐ.பி'ன்னு ஒரு எண் இருக்கும், படிங்க." 100.72 என்று தொடங்கியது. "இப்ப கூகுள்ல 'என் ஐ.பி என்ன'ன்னு தேடி, வர்றதைப் படிங்க." 49 என்று தொடங்கியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. பழுது அங்கேதான்.

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். உலகப் பொதுக் கிடங்கிலிருந்த கடைசித் தொகுதிகளையும் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய - பசிபிக் வட்டாரத்துக்குக் கிடைத்த கையிருப்பு அதே ஏப்ரலில் வறண்டது. அதனால், பல நெட் கம்பெனிகள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. அந்த உள் கணக்குக்கென்றே 2012-ல் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை ஒதுக்கினார்கள். உங்கள் மோடத்தில் அந்த வரிசை தெரிந்தால், உங்களுக்கென்று தனிக் கதவு எண் கிடையாது. மோடத்தில் எத்தனை விதி எழுதினாலும் பயன் இல்லை.

மகள் இதை விளக்கத் தடுமாறினாள். அப்பா ஒரே வரியில் பிடித்தார். "பி.பி நம்பரா?" வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் மளிகைக்கடை நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி என்று அச்சடிப்பார்கள். நம்மிடமிருந்து வெளியே பேசுவதில் சிரமம் இல்லை. நமக்கு யாராவது பேச வேண்டுமென்றால் அண்ணாச்சி ஆள் அனுப்ப வேண்டும். இங்கே அண்ணாச்சிக்கு நம் வீடு எதுவென்றே தெரியாது.

வெளியே பேச முடிகிறது அல்லவா? அதில்தான் வழி இருந்தது. பொட்டியும் லேப்டாப்பும் இரண்டுமே வெளியே பேசி, நடுவில் ஓரிடத்தில் சந்தித்து, தங்களுக்குள் ஒரு தனிப் பாதை போட்டுக்கொள்ளும். டெயில்ஸ்கேல் போன்ற செயலிகள் செய்வது இதைத்தான், சொந்த உபயோகத்துக்கு இலவசம். பொட்டியின் ஆப் ஸ்டோரிலேயே அது இருந்தது. மகள் சொல்லச் சொல்ல அப்பா போன் பிரவுசரில் நிறுவினார். இரு பக்கமும் ஒரே கணக்கில் நுழைந்தார்கள். பொட்டிக்குப் புது எண் வந்தது. படித்த அப்பாவுக்குத் திக்கென்றது. "ஏட்டி, இதுவும் நூறுலதானே ஆரம்பிக்கு?" அந்தச் செயலியும் அதே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

மகள் திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக இறங்கின. மணி 12.20. அப்பா போனில் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

ஸ்கேன் ஃபைல் ஒவ்வொன்றுக்குள்ளும் நோயாளி பெயரும் எடுத்த தேதியும் பதிந்திருக்கும். மகள் ஃபோல்டருக்கு ஒரு ஃபைலாகத் திறந்து பார்த்தாள். ஆச்சியின் இடுப்பு எலும்பு, அப்பாவின் கழுத்து எலும்பு, மறுபடி ஆச்சி. பதினோராவது ஃபோல்டரில் அம்மாவின் பெயர், 2021 மே. 340 படங்கள், 180 எம்.பி. நேரடிப் பாதை கிடைக்காமல் இடையில் ஒரு சர்வர் வழியாக வந்ததால் மெதுவாகத்தான் இறங்கியது, கால் மணி நேரத்துக்கும் மேல். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2021-லும் அதே இடத்தில் அதே அளவில் புள்ளி இருந்தது. ஊசி இப்போது வேண்டாம் என்றார். இருமலுக்கு வேறு மருந்து எழுதினார். (எல்லாப் புள்ளிக்கும் இதே பதில் கிடையாது. பழைய படம் எதைச் சொல்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

ஊர் திரும்பியதும் மகள் முதலில் செய்தது, அன்று ராத்திரி மோடத்தில் எழுதிய விதியை அழித்ததுதான். அது இனி தேவையில்லை. நாளைக்கே கம்பெனி தனி எண் கொடுத்துவிட்டால், அந்த விதி உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்துவிடும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டிகளுக்கு நேர்ந்தது இதுதான். 2015-க்குப் பிறகு மென்பொருள் அப்டேட்டே வராத பழைய பெட்டிகள், இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. யாரோ வெளியிலிருந்து ரீசெட் கட்டளை கொடுக்க, பல நாட்டு வீடுகளில் வருடக்கணக்கான போட்டோக்கள் ஒரே நாளில் அழிந்துபோயின. பொட்டிக்கு அப்டேட் வருகிறதா என்று பார்ப்பது கேஸ் சிலிண்டர் ட்யூப் மாற்றுவதைப் போல. யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆனால் செய்தாக வேண்டும்.

இன்னொன்றும் மாறியது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் இருப்பதால் பேக்கப் இருக்கிறது என்றே வீட்டில் நம்பியிருந்தார்கள். ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் அழியும். பொட்டி திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இப்போது மாதம் ஒருமுறை ஒரு யு.எஸ்.பி டிஸ்க்கில் நகலெடுத்து, பூட்டுப் போட்டு, தென்காசியில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அத்தை அதைப் பட்டுப்புடவை பீரோவில் வைத்திருக்கிறார்.

எட்டு நாள் கழித்துத் துறைமுகம் வந்த மகன், அக்காவின் செய்திகளையெல்லாம் மொத்தமாகப் பார்த்துவிட்டுப் பதறி வீட்டுக்கு அழைத்தான். அப்பாதான் எடுத்தார். அம்மா நலம் என்று சொல்லிவிட்டு அடுத்துக் கேட்டார்: "ஏலே, 'புது ஃபோல்டர் 3'ன்னு எவம்லே பேரு வச்சது?"