இல்லாத கோபுரமும் இருந்த பெண்களும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சில வேளைகளில் மணியோசை மட்டும் ஊரெல்லாம் கேட்கிறது. யானையோ நொண்டிக்கொண்டு வந்து சேர்கிறது. 2014 நவம்பரில் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' என்னும் கணினி விளையாட்டின் கதை அத்தகையதே.

ஆண்டு மலரில் விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம்! இது வரலாற்றை மேடையாகக் கொண்ட விளையாட்டு. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2007 முதல் இவ்வரிசையை வெளியிட்டு வருகிறது. முதல் விளையாட்டு சிலுவைப் போர்க் காலத்துப் புனித நாட்டிலும், இரண்டாவது மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியிலும் நடந்தன. 'யூனிட்டி' நடப்பதோ பிரெஞ்சுப் புரட்சி நடந்த பாரிசில். ஒன்பதாம் வகுப்பில் தேர்வுக்காக நாங்கள் ஆண்டு ஆண்டாக மனப்பாடம் செய்த அதே புரட்சி!

வாளும் இரத்தமும் மிகுந்த இவ்விளையாட்டு 18 வயது நிரம்பியவர்களுக்கே உரியது. ஆகவே நாங்கள் ஐவரும் விளையாடவில்லை. எங்களுள் ஒருத்தியின் அண்ணன் கோடை விடுமுறையில் விளையாடியபோது, "சண்டையை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக் காட்டுங்கள் அண்ணா" என்று கேட்டுப் பாயில் அமர்ந்து பார்த்தோம். முறுக்குத் தட்டுடன் அவள் அம்மாவும் எங்களோடு அமர்ந்திருந்தார்.

என்ன அழகு! தெருக்களில் மக்கள் வெள்ளம். நடுவே நோத்ர தாம் பேராலயம். அதன் ரோஜா வடிவச் சாளரங்களைக் கண்டு நாங்கள் வாயடைத்துப் போனோம். இப்பேராலயத்தைக் கணினியில் எழுப்பியவர் கரோலின் மியூஸ் என்னும் பெண் கலைஞர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இதற்காக உழைத்தாராம். 2019 ஏப்ரல் 15 அன்று உண்மையான பேராலயம் தீப்பற்றி எரிந்தபோது, நிறுவனம் 5 லட்சம் யூரோ நன்கொடை அறிவித்து, இவ்விளையாட்டை ஒரு வாரம் இலவசமாக வழங்கியது. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

அப்படியானால் குறை என்ன? வெளியான நாட்களில் பிழைகள் மலிந்திருந்தன. சில பாத்திரங்களுக்கு முகமே காணாமற்போய், கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கின! நிறுவனம் அதே மாதம் மன்னிப்புக் கேட்டு, பின்னர் வந்த கூடுதல் பகுதியை இலவசமாகத் தந்தது. பிழைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. எங்களை வருத்தியது வேறொன்று.

"இதில் பெண்ணாக விளையாட முடியாதா அண்ணா?" என்று கேட்டோம். முடியாது என்றார். கதாநாயகன் ஆர்னோ ஓர் ஆண். நால்வர் சேர்ந்து விளையாடும் பகுதியிலும் நால்வரும் ஆண்களே. ஏன் என்று 2014 ஜூனில் கேள்வி எழுந்தபோது, பெண் பாத்திரம் என்றால் அசைவுகளையும் ஆடைகளையும் தனியே செய்ய வேண்டும், அது இரட்டிப்பு வேலை என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் விடை கூறினர். இதே வரிசையில் முன்பு பணியாற்றிய கலைஞர் ஒருவரோ, அது ஓரிரு நாள் வேலைதான் என்றார்.

உண்மை வரலாறு என்ன சொல்கிறது? 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி கேட்டு வெர்சேய் அரண்மனைக்கு நடந்து, மறுநாள் மன்னரைப் பாரிசுக்கு அழைத்து வந்தவர்கள் பெண்கள். 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ், 1793-இல் கில்லட்டினில் உயிர் நீத்தார். 1794 ஜூலை 17 அன்று பாடிக்கொண்டே கொலைமேடை ஏறிய கொம்பியேன் நகரத்துக் கார்மேல் மடத்தார் 16 பேர். அவ்வளவு ஏன், புரட்சித் தலைவர் மராவைக் குத்திக் கொன்ற சார்லோட் கோர்தே 24 வயதுப் பெண். கொலையை நாங்கள் போற்றவில்லை. அவர் கன்னியர் மடத்தில் கல்வி கற்றவர் என்று எழுதுவதற்காக எங்கள் சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ளவும் கூடாது!

பெண்களின் வெர்சேய் நடைப்பயணம் விளையாட்டிலும் ஒரு பகுதியாக வருகிறது. ஆனால் காவலாக உடன் செல்லும் வீரர்கள் ஆண்கள்! இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். விளையாட்டில் பேராலயத்தின் மேல் தெரியும் கூர்கோபுரம் 1859-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. புரட்சிக் காலத்தில் இல்லாத கோபுரத்துக்கு இடம் உண்டு; இருந்த பெண்களுக்கு இடம் இல்லை. அந்தக் கோபுரத்தைச் செதுக்கியதும் ஒரு பெண்ணின் கைதான்!

'கூடுதல் வேலை' என்ற சொல் எங்களுக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குப் போக ஆசைப்பட்டோம். பெண்களுக்குத் தனியே தங்குமிடம் ஏற்பாடு செய்வது கூடுதல் வேலை என்று கூறிவிட்டார்கள். எங்கள் நீர் வடிகட்டி மாதிரி இன்னும் ஆய்வுக்கூட அலமாரியில்தான் இருக்கிறது.

ஆயினும் கேட்டால் கதவு திறக்கிறது என்பதையும் கண்டோம். எதிர்ப்புக் குரல் எழுந்த மறு ஆண்டே, 2015-இல் வந்த 'சிண்டிகேட்'டில் ஈவி என்னும் பெண்ணாகவும் விளையாட முடிந்தது. 2018-இல் கசாண்ட்ரா வந்தாள். 2025-இல் நவோயே வந்தாள். இரட்டிப்பு வேலை எப்படியோ முடிந்துவிட்டது!

அன்புத் தோழியரே! எங்களுள் இருவர் மேல்நிலையில் கணினி அறிவியல் எடுக்க இருக்கிறோம். நாளை நம்மில் ஒருத்தி ஒரு நகரத்தையே கணினியில் எழுப்பலாம். அப்போது கல்லும் கோபுரமும் எத்தனை அழகாக அமைந்தாலும், அந்தத் தெருவில் நடந்தவர் யாரேனும் விடுபட்டிருக்கிறாரா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அது கூடுதல் வேலை அன்று, அதுவும் வேலையே.