மாதேஸ்வரன் மலை வளைவில் கற்ற பாடம்

மைசூரிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதேஸ்வரன் மலையைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் உறவில் ஒரு மாதேஸ்வரனோ, மாதேஸ்வரியோ, மாதப்பனோ இல்லாமல் இருப்பது அரிது. பிழைப்பைத் தேடி இப்பக்கம் வந்துவிட்ட நமக்கும், ஊரிலேயே தங்கிவிட்ட உறவினருக்கும் நடுவே நிற்கும் மலை அது. அவர்கள் மேட்டூர்ப் பக்கமிருந்து ஏறி வருவார்கள். நாம் கொள்ளேகால் பக்கமிருந்து ஏறிப் போவோம். மலைமேல் இரு திறத்தாரும் கூடி, சுவாமி தரிசனம் செய்து, கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்டு, மாலையில் பிரிவது எம் குடும்பத்தில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம்.

அம்மலைக்குச் செல்லும் வழியைப் பற்றியும், அவ்வழியில் நாம் மோட்டார் சைக்கிளோடு கீழே விழுந்ததைப் பற்றியும், பின்னர் மீண்டும் ஏறிச் சென்றதைப் பற்றியும் இங்கே எழுத எண்ணுகிறோம். அது பெரிய விபத்து அன்று. ஆள் நடக்கும் வேகத்தில் நேர்ந்த சிறு வீழ்ச்சி. ஆயினும் அது நம்மை ஏறத்தாழ ஓர் ஆண்டுக் காலம் அலைக்கழித்தது. அதை நாம் மறைத்ததே அதற்குக் காரணம்.

மலைக்குப் போகும் வழி

மைசூரிலிருந்து மாதேஸ்வரன் மலை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காவிரியும் கபினியும் கூடுகின்ற திருமகூடலு நரசிபுரத்தைத் தாண்டினால் கொள்ளேகால். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கிருந்து ஹனூர், கௌதள்ளி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் நிலம் சிறிது சிறிதாக வறண்டு, காடு இருபுறமும் நெருங்கி வருகிறது. தாளபெட்டா என்னும் அடிவாரத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. கால்நடையாக ஏறும் அடியார்கள் புறப்படுகின்ற இடமும் அதுவே. கோயில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில்.

எம் பாட்டனார் காலத்தில் இம்மலை சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. கொள்ளேகால் தாலுகா அப்பொழுது கோயம்புத்தூர் ஜில்லாவின் பகுதி. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அது மைசூர் இராஜ்யத்துடன் சேர்ந்தது. பின்னர் 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது மலை அதனுள் அடங்கியது. காகிதத்தில் எல்லைகள் மாறினவே ஒழிய, ஏறி வரும் கூட்டம் மாறவில்லை. அமாவாசை, சிவராத்திரி, உகாதி, தீபாவளி நாட்களில் "உகே மாதப்பா!" என்ற முழக்கம் தமிழ் நாவிலிருந்தும் கன்னட நாவிலிருந்தும் ஒன்றாகவே எழுகிறது. 77 மலைகளுக்கு உடையவராகப் போற்றப்படும் மாதேஸ்வரர் புலிமேல் அமர்ந்தவர். வெண்கலத் தாளங்களைச் சுழற்றி ஆடும் கம்சாளைக் கலைஞர்கள் அவர் கதையை இன்றும் பாடி வருகிறார்கள். சுற்றியுள்ள காடு 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே யானை உலவும் வழி என்பதை மறவாமல், பகல் வெளிச்சத்திலேயே ஏறி இறங்குவது நன்று.

நாம் விழுந்த கதை

எம்மிடம் இருப்பது தந்தையார் விட்டுச் சென்ற பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள். 1960ஆம் ஆண்டுகளில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை செய்து தந்த ஜாவா வண்டிகளும், 1973 முதல் அதே தொழிற்சாலை செய்த எஸ்டி வண்டிகளும் இவ்வூர்க்காரர்களின் பெருமை. தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. தந்தையார் ஒவ்வோர் ஆண்டும் அதிலேதான் மலைக்குப் போவார். நாமும் அவ்வாறே எம் மனைவியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மார்கழி மாதத்தில் புறப்பட்டோம்.

பாதி மலை ஏறியிருப்போம். முன்னால் ஒரு பேருந்து சென்றது. இடப்புறம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் அது நுழைந்ததும், நாமும் அதன் வாலைப் பிடித்தாற்போல் நுழைந்தோம். எதிரே மற்றொரு பேருந்து இறங்கி வந்தது. முன்சென்றது நின்றது. நாமும் நிற்க வேண்டியதாயிற்று. ஹேண்டில் முழுதும் இடப்பக்கம் திரும்பியிருக்கும்போதே முன்பிரேக்கை அழுத்திவிட்டோம். வண்டி உட்புறமாகச் சாய்ந்தது. இடக்காலைத் தரையில் ஊன்றத் தேடினோம். வளைவின் உட்பக்கம் சரிந்து பள்ளமாக இருந்தபடியால் கால் எட்டவில்லை. அவ்வளவுதான். மரம் சாய்வதுபோல் வண்டி மெல்லச் சாய்ந்தது. அம்மையார் சறுக்கி இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நாம் இடக்கையை ஊன்றி விழுந்தோம்.

விழுந்ததும் நாம் முதலில் பார்த்தது வண்டியை.

"வண்டியைப் பாக்குறீங்களே, கையைப் பாத்தீங்களா?" என்றார் எம் மனைவியார்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று எழுந்தோம்.

பேருந்து நடத்துநரும் இரண்டு பயணிகளும் ஓடிவந்து வண்டியை நிமிர்த்த உதவினார்கள். அம்மையாரைப் பேருந்தில் ஏற்றி இடம் கொடுத்தார்கள். கிளச் கம்பி வளைந்திருந்தது, பெட்ரோல் சிறிது சிந்தியிருந்தது, வேறு சேதமில்லை. நாம் தனியே வண்டியில் மலைமேல் சென்று சேர்ந்தோம். அங்கே மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா, சாப்பிடும்போது நம்மை உற்றுப் பார்த்து, "ஏம்ப்பா, அந்தக் கையை மடியிலேயே வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

"குளிருதுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டோம்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது நம்மவர் பழமொழி. அப்பழமொழிக்கு உரை எழுதுவதுபோல் நடந்துகொண்டோம் என்பதை இப்பொழுது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மறைத்ததன் விலை

மைசூர் திரும்பி மூன்று வாரம் வரையில் எவரிடமும் சொல்லவில்லை. கிளச்சைப் பிடிக்கும்தோறும் கட்டைவிரலின் அடியில் நோவு எடுத்தது. தைலம் தடவினோம். வீக்கம் பெரிதாக இல்லாதபடியால் சுளுக்கு என்றே எண்ணினோம். முடிவில் சோற்றுப் பானையை இறக்க முடியாமல் கை நழுவியபோதுதான் அம்மையார் விடாப்பிடியாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாகப் படகு வடிவில் ஒரு சிறு எலும்பு உண்டு. கையை ஊன்றி விழுவோருக்கு மணிக்கட்டின் சிறு எலும்புகளுள் முறிவது பெரும்பாலும் அதுதான். அதற்கு இரத்த ஓட்டம் குறைவாகையால் ஆறுவதற்கு நாளாகும். கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், மணிக்கட்டு நிலையாகப் பழுதாகலாம். விழுந்த அன்றே எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் அம்முறிவு சில வேளை தெரியாது. ஆதலால் நோவு நீடித்தால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் படம் எடுப்பார்கள். இவற்றையெல்லாம் மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்து, "அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். விடை சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. பத்து வாரம் மாவுக்கட்டு.

மாவுக்கட்டைப் பிரித்த பின்பும் வண்டியைத் தொட மனம் வரவில்லை. எலும்பு கூடிவிட்டது; அச்சம் கூடவே தங்கிவிட்டது. வீதி முனையில் திரும்ப வேண்டும் என்று நினைத்தாலே தோள் இறுகும். வண்டியை விற்றுவிடலாம் என்று ஒருவருக்குச் சொல்லியும் அனுப்பினோம்.

மறுபடியும் எட்டு

அச்சமயத்தில் எம் மகள் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் செய்திருந்தாள். "அப்பா, எட்டுப் போடச் சொல்லிக் குடுங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத் திடலுக்கு அழைத்தாள். மறுக்க முடியவில்லை.

எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் உரிமம் கைக்கு வந்த மறுநாளே எட்டை மறந்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிள் விரைந்து செல்லும்போது தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் தன்மை உடையது; மெல்லச் செல்லும்போது அதைத் தாங்குவது ஓட்டுபவரின் பொறுப்பு. ஆகவே மெல்ல ஓட்டுவதே கடினமான வித்தை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், நாம் எங்கே தவறினோம் என்பதை நாமே கண்டோம். மெதுவாகத் திரும்பும்போது முன்பிரேக்கைத் தொடலாகாது. பின்பிரேக்கை இலேசாக அழுத்தி, கிளச்சைப் பாதி விட்டுப் பிடித்துச் செல்ல வேண்டும். முன்சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவோம். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். நிற்கும் முன் ஹேண்டிலை நேராக்கிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவில் பேருந்து இருக்கும்போது நாம் வளைவில் இருத்தல் ஆகாது. சற்றுக் கீழே, நேரான இடத்தில் நின்று, அது கடந்த பின்பே நுழைய வேண்டும்.

விழுந்த வண்டியை எடுப்பதற்கும் முறை உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடி, பின்புறம் வண்டி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையில் முதுகைச் சாய்த்து, ஹேண்டிலையும் பின்கம்பியையும் பிடித்துக் காலால் உந்தி எழ வேண்டும். இடுப்பை வளைத்துத் தூக்கினால் அடுத்த மாவுக்கட்டு இடுப்புக்கு. எடுத்த பின் பிரேக், கிளச், ஹேண்டில், சக்கரம் ஆகியவற்றைச் சோதித்த பிறகே ஏற வேண்டும்.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு சொல். "நடக்கும் வேகத்தில் விழுவதற்குக் கவசம் எதற்கு?" என்பார் உண்டு. வண்டி நின்றுகொண்டிருந்தாலும், 5 அடி உயரத்திலிருந்து விழும் தலை தரையை அடையும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம் கொண்டிருக்கும். "அரேபியாவின் லாரன்ஸ்" என்று பெயர்பெற்றவர் 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர் பின்னர் அத்தகைய காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்பதை 1941இல் எடுத்துக் காட்டினார். அதன் பயனை நாமும் துய்க்கிறோம். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, கீறல் சிறிதேயாயினும், மாற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மீண்டும் மலை

ஆறு ஞாயிறுகள் திடலில் எட்டுப் போட்டோம். பிறகு நரசிபுரம் வரையில் சென்று திரும்பினோம். அடுத்த முறை தாளபெட்டா வரையில் சென்று, மலையை அண்ணாந்து பார்த்து, தேநீர் குடித்துத் திரும்பினோம். அங்கிருந்து ஏறாமல் வந்ததில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று எம் மனைவியார் சொன்னதே பெரிய மருந்தாயிற்று.

கார்த்திகையில், கூட்டமில்லாத ஒரு வார நாளில், தனியே ஏறினோம். அம்மையார் பேருந்தில் வந்தார். அந்த வளைவுக்குக் கீழே வந்ததும், மேலே ஒரு பேருந்து திரும்புவது தெரிந்தது. ஓரமாக நின்றோம். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் ஒலியெழுப்பிப் பார்த்துவிட்டு, அவரும் நின்றார். பேருந்து கடந்தது. முதல் கியரில், பார்வையை வளைவின் முடிவில் வைத்து, மெல்லத் திரும்பினோம். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

மலைமேல் பெரியம்மா நம் இடக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்த வருஷம் குளிரலையா?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

இதனை எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் இரு சக்கர வண்டியை நம்பிப் பிழைக்கும் இளைஞர்கள் பலர். விழுந்ததைச் சொன்னால் வீட்டில் வண்டியை வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவர்கள் மறைக்கிறார்கள். ஒரு நாள் கூலிக்கு அஞ்சி மூன்று மாதக் கூலியை இழக்க நேரிடும். பெற்றோர்களே, விழுந்து வந்த பிள்ளையை முதலில் ஏசாதீர்கள், கையைப் பாருங்கள். இளைஞர்களே, விழுந்ததை அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். பிறகு உடம்பு ஆறிய அளவுக்கு ஏற்ப, திடலிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து மலைக்கும் படிப்படியாக ஏறுங்கள். மலை எங்கும் போய்விடாது.